பசையம்மாவும் எண்பத்தேழாம் பக்கமும்

பாடநூல் கிடங்கில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் பசையம்மா. வேலையும் பெயருக்கேற்ற வேலைதான். ஆட்சி மாறும்போதெல்லாம் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து வரலாற்றுப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாகக் கிடங்குக்குத் திரும்பி வரும். எண்பத்தேழாம் பக்கத்தின் மேல் புதிதாக அச்சிட்ட மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி, காயவைத்து, மறுபடி மூட்டை கட்டி அனுப்பிவைப்பாள்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டால் வேலை சுலபம். ஆனால் கிடங்கு விதிப்படி புத்தகம் என்பது இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் கொண்ட அரசாங்கச் சொத்து. ஒரு தாள் குறைந்தாலும் அது புத்தகம் இல்லை, சேதாரம். சரி, புதிய புத்தகமே எழுதிவிடலாமே என்றால், அதற்கும் ஒரு குழு இருந்தது. பசையம்மா வேலைக்குச் சேர்ந்த வருடம் அமைத்த அந்தக் குழு இன்னும் அட்டைப்படத்தை முடிவு செய்துகொண்டிருந்தது.

எண்பத்தேழாம் பக்கத்தில் முதன்முதலில் அச்சாகியிருந்தது மூன்றே வாக்கியம். "இனித் தேர்தல் வேண்டாம் என்பதற்குச் சம்மதமா என்று மக்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. மக்கள் சரி என்றார்கள். அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் அவர்களிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை." அத்தோடு பாடம் முடிந்துவிடும். பின்பக்கம் வெறும் தாள்.

அடுத்து வந்த ஆட்சிக்கு அது பிடிக்கவில்லை. "அந்தப் பதினோரு ஆண்டுகளும் நாட்டில் அமைதி நிலவியது" என்று ஒரு தாள் வந்தது. அதற்கடுத்த ஆட்சி "ஓரளவு அமைதி" என்று திருத்தியது. அதற்கும் அடுத்தது யோசித்துப் பார்த்து, வம்பே வேண்டாம் என்று ஓர் அணைக்கட்டின் படத்தை அனுப்பியது. நான்காவது தாளில் மரம் நடுவதால் வரும் நன்மைகள் ஐந்து இருந்தன.

இதில் ஒரு வேடிக்கை. மேலே மேலே ஒட்டியதில் அந்த ஒரு தாள் மட்டும் அட்டையைப் போலத் தடித்துவிட்டது. புத்தகத்தை எந்த மூலையிலிருந்து திறந்தாலும், கைதவறிக் கீழே போட்டாலும், அது எண்பத்தேழாம் பக்கத்தில்தான் போய் விரியும். பழங்கால மன்னர்கள் ஒருவரையும் தெரியாத பிள்ளைகளுக்குக்கூட எண்பத்தேழாம் பக்கம் தெரிந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு அரசாங்கம் தன்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது பசையம்மாவுக்குத் தெரியும். அதனால் அவள் வேலையில் குறை வைத்ததில்லை. காலையில் வந்ததும் மைதாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் ஒரு சிட்டிகை போட்டு, கரண்டியில் எடுத்தால் நூலாக இறங்கும் பதத்தில் காய்ச்சி இறக்குவாள்.

வாத்தியார் அவளுக்கு அறிமுகமானதே இரண்டாவது தாளின் காலத்தில்தான். உள்ளூர் உயர்நிலைப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர். இரண்டு புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிடங்கு வாசலில் வந்து நின்றார்.

"பாதிப் புத்தகத்துல அமைதி நிலவுது, பாதிப் புத்தகத்துல ஓரளவுதான் நிலவுது. இதை வச்சுப் பசங்க அடிச்சுக்கிறாங்கம்மா."

"மூட்டை மாறிப் போயிருக்கும் சார். உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க, எல்லாத்துலயும் அதையே ஒட்டித் தரேன்."

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"எனக்கு மைதா நல்ல மைதாவா இருந்தா போதும் சார்."

அந்த வருடமே கல்யாணம் ஆயிற்று. வாழ்நாள் முழுக்க வாத்தியார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஒரே பக்கத்தை வச்சு ரெண்டு சம்பளம் வாங்குற குடும்பம் இந்த ஊர்லயே நம்ம குடும்பம்தான். நீ மூடுறே, நான் திறக்கிறேன்."

ஆனால் அவர் ஒட்டுத்தாளைப் பிரித்ததே இல்லை. பிரித்தால் சேதாரம், மனைவியின் வேலைக்கும் அவமரியாதை. அவருடைய வகுப்பறையில் கிழக்கே பார்த்து ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. எண்பத்தேழாம் பக்கம் வந்ததும் பாடத்தை நிறுத்துவார். பிள்ளைகள் வரிசையாக ஜன்னலோரம் போய் அந்த ஒற்றைத் தாளை வெயிலுக்கு நேராகப் பிடிப்பார்கள். அணைக்கட்டும் மரங்களும் அமைதியும் ஓரளவும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். "எது மங்கலா இருக்கோ அது பழசு. எது பழசோ அதை முதல்ல படி" என்பார். அவ்வளவுதான் அவர் பாடம். படித்ததைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் சொல்லமாட்டார். மூன்று வாக்கியத்தையும் மனப்பாடமாக ஒப்பித்தால் உட்காரலாம்.

இருபத்துச் சொச்சம் வருடத்தில் ஊரில் பாதிப் பேர் அந்த ஜன்னலைக் கடந்து வந்தவர்கள் ஆனார்கள். வாடகை ஒப்பந்தமோ மருந்துச் சீட்டோ, எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது அந்த ஊர் வழக்கமாயிற்று. தனக்கு வந்த காதல் கடிதத்தை அப்படிப் பிடித்துப் பார்த்து, வேறொருத்தியின் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதியிருப்பதைக் கண்டுபிடித்த பெண்ணும் உண்டு. புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரிகள், இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன கண் கோளாறோ என்று நினைத்தார்கள்.

வாத்தியார் இறந்ததும் அந்த வகுப்பறையில்தான். எண்பத்தேழாம் பக்கம் வந்தது. நிறுத்தினார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். எப்போதும் நிறுத்துகிற இடம்தானே என்று பிள்ளைகள் சத்தமில்லாமல் காத்திருந்தார்கள். மணி அடிக்கும்வரை காத்திருந்தார்கள். அவரை எழுப்பப் போன பையன்தான் முதலில் கத்தினான். தலைமையாசிரியர் பிறகு பசையம்மாவிடம் வந்து, "அன்னைக்கு மாதிரி அந்த வகுப்பு ஒரு நாளும் அமைதியா இருந்ததில்லம்மா" என்றார். ஆறுதலாகச் சொன்னாரோ, வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் சொன்னாரோ. "ஓரளவு அமைதியா சார்?" என்று கேட்டாள் பசையம்மா. கேட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவர் கையில் வைத்துப் பாடம் நடத்திய புத்தகம், எண் 4116, பள்ளிக்கூடச் சொத்து. ஒரு மாதம் கழித்து அது கிடங்குக்குத் திரும்பி வந்தது. எண்பத்தேழாம் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் அவர் கையெழுத்து இருந்தது. ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் பசையம்மா ஒட்டுவாள். "இங்கே நிறுத்தி ஜன்னலைக் காட்டு." தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்பு. வீட்டில் அவருடைய சட்டைகள் இருந்தன, கண்ணாடி இருந்தது, பிடி போன ஒரு குடை இருந்தது. அவர் பேசுகிற மாதிரி எழுதிவைத்தது அந்த ஒரு வரிதான். அரசாங்கச் சொத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலமாரியிலிருந்து எடுத்து, தானாக விரிகிற பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவாள்.

எட்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மேலதிகாரி சோதனைக்கு வந்தார். புது வரலாற்று ஆசிரியர் இன்னும் வந்து சேரவில்லை. ஆசிரியரே இல்லாத வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஜன்னலோரம் நின்று புத்தகங்களை வெயிலில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா பண்றீங்க?"

"வரலாறு சார்."

அதிகாரியும் ஒரு புத்தகத்தை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அன்று மத்தியானமே ஊருக்குக் கிளம்பிவிட்டார். மூன்று வாரத்தில் கிடங்குக்கு ஆணை வந்தது. ஆணையோடு ஆறாயிரத்து இருநூறு கருப்புத் தாள்களும் வந்தன. ஓர் எழுத்துக்கூட இல்லாத, கெட்டியான கருப்பு. ஓரம் விடாமல், பக்கம் முழுக்க மூடும் அளவு. மைதாப் பசை கூடாது, டின்னில் வந்திருக்கும் கோந்தைத்தான் பூச வேண்டும். ஒரு தடவை ஒட்டினால் ஆவி காட்டினாலும் பிரியாத கோந்து.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தேர்தல்களை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப் போகிறார்கள். இதுவரை யாருமே யோசித்திராத புதுமையான திட்டம் என்று செய்தித்தாள்கள் எழுதின.

வீட்டில் நாத்தனாருக்கும் அந்தப் புதுமை பிடித்திருந்தது. வாத்தியாரின் தங்கை, கூடவே இருந்து முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள்.

"நல்ல யோசனைதான் அண்ணி. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு நாள் கடையை மூடிட்டு வரிசையில நிக்க வேண்டியிருக்கு. போன தடவை ஓட்டுப் போட்டுட்டு வர்றதுக்குள்ள ரெண்டு ரவிக்கை டெலிவரி போச்சு. யாரோ ஒருத்தர் ஆண்டுட்டுப் போகட்டுமே."

"உங்க அண்ணன்கிட்ட படிச்சவதானே நீ?"

"படிச்சேன். ஜன்னல்கிட்ட நின்னு கண்ணு கூசினதுதான் ஞாபகம். ஏதோ பதினோரு வருஷம்... பரீட்சை முடிஞ்சதும் யாரு அண்ணி அதெல்லாம் வச்சுக்கிறாங்க?"

பசையம்மா கிடங்குக்குக் கிளம்பினாள். நாற்பது நாளில் ஆறாயிரத்து இருநூறு புத்தகம். இரண்டு கூலிப் பெண்களை வைத்துக்கொண்டு ஒட்டினாள். 4116-ஐ அடுக்கின் அடியில் வைத்தாள். அந்த அடுக்கு தீர்ந்ததும் அடுத்த அடுக்கின் அடிக்குப் போயிற்று. நாற்பதாம் நாள் மேசையில் ஒரே ஒரு புத்தகமும் ஒரே ஒரு கருப்புத் தாளும் மிஞ்சின.

அப்போதுதான் கண்காணிப்பாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். விதிப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர் என்று பெயர்.

"பசையம்மா, இன்னொரு தலைவலி வந்திருக்கு. வாக்குச்சீட்டு எல்லாம் அடிச்சு முடிச்சாச்சாம். 'இனித் தேர்தல் வேண்டாம் என்பதற்குச் சம்மதமா? ஆம், இல்லை'ன்னு அடிச்சிருக்கான். இப்ப மேலே இருக்கிறவங்களுக்கு அது ரொம்பப் பச்சையா தெரியுதாம். 'தொந்தரவு இல்லாத நல்லாட்சி வேண்டுமா?'ன்னு கேள்வியை மாத்தணுமாம்."

"திரும்ப அடிக்க வேண்டியதுதானே சார்?"

"அதுக்குக் குழு போடணும். அதான், அந்தந்த மாவட்டத்துப் பாடநூல் கிடங்குலயே மேல ஒட்டிடச் சொல்லிட்டாங்க. நாட்டுல ஒட்டுறதுக்குப் பழகின ஆளுங்க நம்ம துறையிலதானே இருக்காங்க?"

"எந்தத் தாள்ல சார் ஒட்டணும்?"

கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. விதியைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்கு அப்படித்தான். "நல்ல கேள்வி. இருப்புல கடைசியா நடப்புல இருக்கிற வகை எதுவோ, அதுலதான். கருப்பு ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தாலும் கருப்பு வகை உயிரோட இருக்குன்னு அர்த்தம். அதை மாதிரியா அனுப்பி வச்சா மூணு நாள்ல வேணுங்கிற அளவு வந்துடும். கருப்புல வெள்ளி எழுத்து, பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். இருப்பு பூஜ்யம்னா அந்த வகை செத்துப்போச்சு. அதுக்கு முந்தின வகை, அந்த வெள்ளை மெல்லிசுதான்." மேசையைப் பார்த்தார். "ஒண்ணு இருக்கு போல?"

"ஒண்ணு இருக்கு சார். ஒரு புத்தகமும் இருக்கு."

"ஒட்டிட்டா பூஜ்யம். ஒட்டலைன்னா ஒண்ணு. எதுவா இருந்தாலும் அஞ்சு மணிக்கு நான் எழுதணும்." இரண்டும் ஒன்றுதான் என்பது போலச் சொல்லிவிட்டுத் தம் அறைக்குப் போனார்.

சுவர்க்கடிகாரத்தில் நாலே கால். பசையம்மா 4116-ஐ மேசையில் வைத்தாள். அது தானாக விரிந்தது. இங்கே நிறுத்தி ஜன்னலைக் காட்டு. தாளைச் சேலைத் தலைப்பில் ஒளித்துக் கொண்டுபோகலாம். ஆனால் அஞ்சு மணிக்கு அந்த மனுஷர் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார், ஒட்டாத பக்கத்துக்கு ஒரு தாள் எங்கே என்று கேட்பார். தாளைக் கிழித்தால்? கிழிந்த தாளும் இருப்பில் ஒன்றுதான். புத்தகத்தையே தொலைத்துவிட்டால்? அப்போதும் தாள் மிஞ்சும். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு விதி முழுவதும் புரிந்தது. புருஷனுடைய ஒரு வரியை வைத்துக்கொண்டால் ஊர் கையில் கருப்புச் சீட்டு. ஊர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டுமானால் இந்த ஒரு வரி போக வேண்டும்.

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று அன்று கிடங்கு வாசலில் கேட்ட வாத்தியார், தமக்கு எது பிடிக்கும் என்று சொன்னதே இல்லை.

கோந்து டின்னைத் திறந்தாள். நாலு ஓரமும் பூசினாள். நடுவிலும் பூசினாள். தாளை மேலிருந்து வைத்து, சுருக்கம் விழாமல், உள்ளங்கையால் நீவி நீவி இறக்கினாள். எப்போதும் செய்கிற மாதிரியே செய்தாள். அந்தக் கையெழுத்து இருந்த இடத்தில் மட்டும் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையை எடுத்துவிட்டு, எழுந்து போய்க் கை கழுவினாள். அந்தக் கோந்து கழுவினாலும் போகவில்லை.

அஞ்சு மணிக்குக் கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா?"

"பூஜ்யம் சார்."

வாக்கெடுப்பு நாளில் அவர்கள் பகுதிக்கு வாத்தியாரின் வகுப்பறைதான் வாக்குச்சாவடி. காலை வெயில் ஜன்னல் வழியே தரையில் கட்டம் போட்டிருந்தது. பசையம்மாவுக்கு நாலு பேர் முன்னால் நாத்தனார் நின்றாள். சாவடி அதிகாரி சீட்டைக் கொடுத்தார். "நேரா தடுப்புக்குள்ள போய்க் குத்துங்கம்மா." நாத்தனார் தடுப்புக்குப் போகவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கால் ஜன்னல் பக்கம் போயிற்று. கை சீட்டைத் தூக்கிப் பிடித்தது.

"அண்ணி! இதுல ரெண்டு கேள்வி இருக்கு!"

"ஒரு கேள்விதாம்மா" என்றார் அதிகாரி.

"நீங்களே வந்து பாருங்க சார். அடியில மங்கலா ஒண்ணு இருக்கு."

வரிசையில் நின்ற சுமைவண்டி ஓட்டுநர் தன் பங்குக்குச் சொன்னார்: "எது மங்கலா இருக்கோ அது பழசு. பழசை முதல்ல படி தங்கச்சி."

நாத்தனார் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தாள். "இனித் தேர்தல் வேண்டாம் என்பதற்குச் சம்மதமா..." அது பரீட்சைக் கேள்வி. இருபது வருடமாக மாறாத பரீட்சைக் கேள்வி. ஒப்பித்தால்தான் உட்காரலாம். ஓட்டுநர் ஆரம்பித்தார், மருந்துக்கடைக்காரர் சேர்ந்துகொண்டார், பிறகு வாசல் தாண்டித் தெருவரைக்கும் நின்ற வரிசை முழுக்க வாய்ப்பாடு போல முடித்தது: "மக்கள் சரி என்றார்கள். அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் அவர்களிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை."

"சாவடிக்குள்ள கோஷம் போடக் கூடாது!" என்று கத்தினார் அதிகாரி.

"கோஷம் இல்ல சார். பாடம்."

அதிகாரி கையேட்டைப் புரட்டினார். முத்திரை குத்திய சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது என்று இருந்தது. குத்தாத சீட்டை வெயிலில் பிடிக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. வேறு வழியில்லாமல் இரண்டு வரிசை போட்டார்: சீட்டுக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று. ஜன்னல் வரிசையில் தள்ளுமுள்ளு வந்தபோது டோக்கன் கொடுத்தார். கடைசியில், கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, தாமும் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

"ஏன் அண்ணி," என்றாள் நாத்தனார், வெளியே வந்ததும். "அன்னைக்கு நீங்க ஏன் எனக்கு எடுத்துச் சொல்லலை?"

"உங்க அண்ணன் என்னைக்காவது சொன்னாரா?"

"இல்ல. ஜன்னலைத்தான் காட்டுவான்." பிறகு தன் விரல் மையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு ரவிக்கை மூணு போச்சு. போகட்டும். அடுத்த தேர்தலுக்கு முன்கூட்டியே தச்சு வச்சுடறேன்."

'இல்லை' கொஞ்சம் வித்தியாசத்தில் ஜெயித்தது. அதற்குச் செய்தித்தாள்கள் பதினாலு காரணம் சொல்லின. அவற்றில் வெள்ளைத் தாளும் இல்லை, ஜன்னலும் இல்லை. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, வழக்கம்போல மூட்டைகள் கிடங்குக்குத் திரும்பின. கருப்பின் மேல் ஒட்டுவதற்கு ஆறாவது தாள் வந்தது. வெள்ளை மெல்லிசில் ஒரே வாக்கியம்: "அதே கேள்வி மக்களிடம் இரண்டாவது முறை கேட்கப்பட்டது, மக்கள் இல்லை என்றார்கள்." முதல் முறை என்ன ஆயிற்று என்று அந்தத் தாளில் இல்லை. இதற்கு முந்தின எல்லாத் தாளையும்விட இதில் பொய் குறைவு என்று பசையம்மாவுக்குத் தோன்றியது. மைதாவை அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கரைத்தாள்.

இந்த முறை 4116-ஐ அடியில் வைக்கவில்லை, முதலில் எடுத்தாள். ஒட்டிக் காய்ந்ததும், கூலிப் பெண்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். அரசாங்கச் சொத்தில் கிறுக்குவது குற்றம். இருபத்தாறு வருடத்தில் அவள் செய்த குற்றம் அது ஒன்றுதான். வெள்ளைத் தாளின் ஓரத்தில், அவர் எழுதியிருந்த அதே இடத்துக்கு நேர் மேலே, தன் கோணல் கையெழுத்தில் எழுதினாள்: இங்கே நிறுத்தி ஜன்னலைக் காட்டு.

சாயங்காலம் கண்காணிப்பாளர் சரிபார்க்க வந்தார். மாதிரிக்கு ஒரு புத்தகம் என்று கை போன போக்கில் எடுத்தார். அது எந்தப் புத்தகமாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது தானாக விரிந்தது. ஓரத்தைப் படித்தார். பசையம்மா பசைச் சட்டியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

கண்காணிப்பாளர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடத்தில் அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் கருப்பு, ஒன்றும் தெரியவில்லை. தெரியாததையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல பென்சில் கறை இருக்கேம்மா."

"இருக்கு சார்."

"புதுசா, பழசா?"

பசையம்மா சுரண்டுவதை நிறுத்தினாள்.

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்து பதிவேட்டில் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். விதி. "எண் 4116. பக்கம் 87. பென்சில் கறை ஒன்று." மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "பழைய கறை."